ஸ்டீம் டெக் ஓஎல்இடி: பினாங்கு மாணவரின் அளவுகோலில் ஒரு கையடக்கக் கணினி

கையடக்க விளையாட்டுக் கணினி என்பது, மேசைக் கணினிக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை இயக்கவல்லதும், திரை, விசைகள், மின்கலம் ஆகிய மூன்றையும் ஒரே உடலில் கொண்டு இரு கைகளுக்குள் அடங்குவதுமான கணினி வகையாகும். நின்டெண்டோ சுவிட்ச் போன்ற கருவிகள் தோற்றத்தில் இதனை ஒத்திருப்பினும், அவை தமக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளை மட்டுமே ஏற்பவை. கையடக்கக் கணினியோ, அதன் உரிமையாளர் பல ஆண்டுகளாகக் கணினிக்கென வாங்கிச் சேர்த்தவற்றில் பெரும்பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இவ்வகையைப் பரவலாக்கிய கருவி, 2003ஆம் ஆண்டு முதல் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டு அங்காடியை நடத்திவரும் அமெரிக்க நிறுவனமான வால்வ், 2022 பிப்ரவரி 28 அன்று வெளியிட்ட ஸ்டீம் டெக் ஆகும். அதன் மேம்பட்ட வடிவமான ஓஎல்இடி பதிப்பு 2023 நவம்பர் 16 அன்று வெளிவந்தது. ஜார்ஜ் டவுனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பயிலும் கல்லூரி மாணவரின் தேவைகளை அளவுகோலாகக் கொண்டு அப்பதிப்பை மதிப்பிடுவதே இவ்விமர்சனத்தின் நோக்கம்.

அளவுகோலைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. மேலைநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் இக்கருவியை, ஏற்கெனவே வலிமைமிக்க மேசைக் கணினி ஒன்றை வைத்திருப்பவர் குளிர்ந்த அறையில் அமர்ந்து பயன்படுத்தும் இரண்டாவது கருவியாகவே எடைபோட்டிருக்கின்றன. மின்டனில் அமைந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ நகரின் தனியார் கல்லூரிகளிலோ பயின்று, கூரை மின்விசிறி மட்டுமே சுழலும் வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவரின் நிலை அதுவன்று. அவரிடம் பாடத்திற்கான மடிக்கணினி ஒன்றும் கைப்பேசி ஒன்றும் இருக்கும், மூன்றாவது கருவிக்கென அவர் செலவிடும் தொகை பகுதிநேர வேலையிலிருந்தோ பெற்றோரின் சேமிப்பிலிருந்தோ வரவேண்டியதாக இருக்கும். அத்தகைய மாணவர்களிடையே கருவிகளைப் பற்றி நிகழும் வாதங்கள் வழக்கமாக நுண்செயலியின் வேகத்திலும், வினாடிக்கு எத்தனை பிரேம் கிடைக்கிறது என்பதிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. பிரேம் என்பது திரையில் தோன்றும் ஒற்றை அசையாப் படம். அது வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அந்த அளவுக்கு அசைவு மென்மையாகத் தெரியும். ஆயினும் ஸ்டீம் டெக்கைப் பொறுத்தவரை இவ்வாதம் தவறான இடத்தில் தொடங்குகிறது. இதன் மதிப்பு, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் காட்டிலும், எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதிலும், நண்பர்கள் ஆடும் விளையாட்டை ஆடவிடுகிறதா என்பதிலுமே அடங்கியுள்ளது.

கையில் எடுத்ததும் முதலில் உணரப்படுவது அதன் பருமன். 298 மில்லிமீட்டர் அகலமும் 640 கிராம் எடையும் கொண்ட இக்கருவி, சராசரிக் கைப்பேசியைப் போல மூன்று மடங்கு கனமானது. எனினும் கைப்பிடிகள் உள்ளங்கையின் வளைவுக்கேற்பச் செதுக்கப்பட்டிருப்பதால், மெலிந்த கைப்பேசியை நெடுநேரம் பற்றியிருக்கும்போது விரல்களில் தோன்றும் பிடிப்பு இங்குத் தோன்றுவதில்லை. இரு பக்கங்களிலும் உள்ள சதுரத் தொடுபலகைகள் சுட்டியின் வேலையைச் செய்பவை. சுட்டியும் விசைப்பலகையும் இன்றி ஆட இயலாத உத்தி விளையாட்டுகளையும் ஓரளவு ஆடவைப்பது இவையே. பின்புறத்தின் நான்கு கூடுதல் விசைகளை எந்தப் பணிக்கு வேண்டுமானாலும் ஒதுக்கிக்கொள்ளலாம். படுத்துக்கொண்டு முகத்திற்கு மேலே உயர்த்திப் பிடித்து ஆடும் பழக்கமுடையோருக்கு மட்டும் இந்த எடை சில நிமிடங்களிலேயே தன்னை நினைவூட்டும்.

திரையே முந்தைய பதிப்பிலிருந்து இதனை வேறுபடுத்தும் முதன்மைக் கூறு. எல்சிடி திரையில், பின்னாலிருந்து வரும் ஒரே ஒளியைப் புள்ளிகள் தடுத்தும் விடுத்தும் படம் உருவாகிறது; ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பைக் காட்டவேண்டிய புள்ளி முற்றாக அணைந்துவிடுகிறது. இதனால் இருண்ட காட்சிகள் சாம்பல் பூசியதுபோலன்றி உண்மையான இருளாகத் தெரிகின்றன. 7.4 அங்குலத் திரையின் நுணுக்கம் 1280க்கு 800 புள்ளிகள் மட்டுமே என்பதைக் கேட்டதும், 1080பி திரைகளுக்குப் பழகிய மாணவர் உதட்டைப் பிதுக்குவது இயல்பு. ஆனால் இந்தத் தேர்வு சிக்கனத்தால் நேர்ந்ததன்று. 1280ஐ 800ஆல் பெருக்கினால் ஏறத்தாழ பத்து இலட்சம் புள்ளிகள்; 1080பி திரையில் இருபது இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் வினாடிக்குப் பல முறை கணக்கிட வேண்டியிருப்பதால், புள்ளிகளைப் பாதியாகக் குறைப்பது வரைகலைப் பணியையும் பெருமளவு குறைக்கிறது. அங்குலத்துக்கு 204 புள்ளிகள் என்ற அடர்த்தியில், கைநீளத் தொலைவிலிருந்து நோக்கும் கண்ணுக்கு இழப்பும் பெரிதாகப் புலப்படுவதில்லை. கணினித் திரைக்கென வடிவமைக்கப்பட்ட விளையாட்டுகளின் சிறிய எழுத்துகள்தாம் உண்மையான தொல்லை. நீண்ட உரையாடல்களும் பட்டியல்களும் நிறைந்த விளையாட்டுகளில் கண் சோர்வது உறுதி.

இனி மின்சாரம். வாட் என்பது ஒரு கருவி எந்த வேகத்தில் மின்னாற்றலைச் செலவிடுகிறது என்பதைக் குறிக்கும் அலகு. வாட்-மணி என்பது மின்கலத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றலின் அளவு. பின்னதை முன்னதால் வகுத்தால் கருவி எத்தனை மணி நேரம் ஓடும் என்பது தெரிந்துவிடும். ஓஎல்இடி பதிப்பின் மின்கலம் 50 வாட்-மணி கொண்டது, முந்தைய பதிப்பில் அது 40. நுண்செயலி மட்டும் 4 முதல் 15 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டுள்ளது. திரை, நினைவகம், வைஃபை ஆகியவற்றையும் சேர்த்தால் சைபர்பங்க் 2077 போன்ற கனமான விளையாட்டில் முழுக் கருவியும் இருபது வாட்டைத் தாண்டும், எனவே இரண்டரை மணி நேரத்துக்குள் மின்கலம் காலியாகும். ஸ்டார்டியூ வேலி போன்ற எளிய விளையாட்டில் அதே மின்கலம் அதைப்போல மூன்று மடங்கு நேரம் தாங்கும். மூன்று முதல் பன்னிரண்டு மணி நேரம் என வால்வ் அறிவித்திருப்பது, இந்த வேறுபாட்டை ஒரே வீச்சில் அடக்க முயன்று ஏறத்தாழ எதையுமே சொல்லாத கணக்கு.

மாணவருக்கு இங்குப் பயன்படுவது, இந்தச் செலவைத் தானே கட்டுப்படுத்தும் வசதி. மூன்று புள்ளிகள் பொறித்த விசையை அழுத்தினால் தோன்றும் பக்கப் பட்டியலில் வாட் எல்லையையும் பிரேம் எல்லையையும் விளையாட்டின் இடையிலேயே மாற்றலாம். 90 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும் திரையில், பிரேம் எல்லையை 45ஆக வைத்தால் ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை காட்டப்படும். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 22 மில்லிவினாடி மட்டுமே கழியும். வினாடிக்கு 30 பிரேமில் இவ்விடைவெளி 33 மில்லிவினாடி, 60 பிரேமில் 17 மில்லிவினாடி ஆகும். எனவே 45 என்பது எண்ணளவில் நடுவில் நின்றாலும் உணர்வில் 60க்கே நெருங்கியது; மின்செலவிலோ கணிசமாகக் குறைந்தது. உச்ச வேகத்தைப் பிடிவாதமாகக் கோருவோர் இக்கருவியிலிருந்து பெறுவது சூடும் விசிறிச் சத்தமும்தான். எல்லையிட்டு ஆடுவோர் ஒரு மாலைப்பொழுதையே பெறுகிறார்கள்.

சூட்டைப் பற்றிய கேள்வி பினாங்கில் தவிர்க்க இயலாதது. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போதே கருவி சிறப்பாக இயங்கும் என்றும், நுண்செயலிச் சில்லின் வெப்பம் 100 பாகையை எட்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றும், 105 பாகையில் நின்றுவிடும் என்றும் 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலை வீசியபோது வால்வ் அறிவித்தது. பினாங்கின் நண்பகல் வெப்பம் வழக்கமாக 31, 32 பாகையில் நிற்பதால் தீவின் எந்த மூலையிலும் இக்கருவி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லைக்கும் நண்பகலுக்கும் இடையே எஞ்சுவது மூன்று நான்கு பாகையே. மெத்தையின்மீது வைத்து ஆடினால் பின்புறத்தில் காற்று உள்ளே செல்லும் துளைகள் அடைபடுகின்றன. வெப்பக் காற்று மேல்விளிம்பு வழியாக வெளியேறுவதாலும், கைப்பிடிகள் சில்லிலிருந்து விலகியிருப்பதாலும் உள்ளங்கை சுடுவதில்லை. காற்றின் ஈரப்பதத்தால் கை வியர்ப்பது வேறு செய்தி. அதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்க முடியாது.

விளம்பரங்களில் முதலிடம் பெறாத, ஆனால் மாணவர் வாழ்க்கைக்கு மிகவும் பொருந்தும் சிறப்பு, தூக்கநிலை ஆகும். மின்விசையை ஒருமுறை அழுத்தினால் விளையாட்டு நின்ற இடத்திலேயே உறைகிறது. மறுமுறை அழுத்தினால் சில வினாடிகளில் அதே இடத்திலிருந்து தொடர்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து படகில் தீவுக்குக் கடக்கும் நேரமோ, கொம்தாரிலிருந்து மின்டனுக்குச் செல்லும் பேருந்து போக்குவரத்தில் சிக்கி நிற்கும் நேரமோ துண்டு துண்டாகவே கிடைக்கிறது. வலிமைமிக்க விளையாட்டு மடிக்கணினி இந்தத் துண்டுகளைப் பயன்படுத்த இயலாது. கைப்பேசி பயன்படுத்தும், ஆயினும் தனியாள் கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவை கைப்பேசியில் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சமையல் வழியே சித்திரிக்கும் வெண்பா என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, மறு ஆண்டில் பாஃப்டாவின் சிறந்த முதல் படைப்புக்கான விருதைப் பெற்ற அது, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடியது. ஒரே மின்னேற்றத்தில் தொடங்கி முடிக்கத்தக்கது. இட்லித் தட்டு அடுக்கும் காட்சியைத் தொடுதிரையில் விரலால் ஆடுவது தனி இன்பம்.

ஆனால் மாணவர் விளையாடுவது பெரும்பாலும் தனியாக அன்று என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் இந்திய முஸ்லிம் உணவகமான மாமாக் கடையின் மேசையைச் சுற்றித் தே தாரிக் தேநீர்க் குவளைகளோடு ஐவர் அமர்ந்திருந்தால், அவர்கள் கைகளில் இருப்பது பெரும்பாலும் மொபைல் லெஜன்ட்ஸ் ஓடும் கைப்பேசிகளே. ஐவருக்கு ஐவர் மோதும் இவ்விளையாட்டு மலேசியாவில் பெற்றுள்ள இடம் சாதாரணமானதன்று: இதன் முதல் உலகப் போட்டி 2019இல் கோலாலம்பூரில் நடைபெற்றது, அதே ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய பிரிவாக இடம்பெற்றது, 2024இல் ரியாத்தில் நடந்த எம்எஸ்சி என்னும் அதன் பன்னாட்டுப் போட்டியில் மலேசியாவின் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி வெற்றி பெற்றது. இந்த விளையாட்டு ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடுவது; ஸ்டீம் டெக்குக்கென அது ஆக்கப்படவில்லை. எனவே இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்கும் மேல் செலவிட்டு இக்கருவியை வாங்கிய மாணவர், மாமாக் கடையில் அதைப் பையிலேயே விட்டுவிட்டுக் கைப்பேசியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கணினி விளையாட்டுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எதிர்ப்படுகிறது. ஸ்டீம் டெக்கில் உள்ள ஸ்டீம்ஓஎஸ், லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டின் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் கட்டளைகளாக உடனுக்குடன் மாற்றித் தருவது, 2018இல் வால்வ் அறிமுகப்படுத்திய புரோட்டான் என்னும் இடைநிலை மென்பொருள். தனியாள் விளையாட்டுகளில் இந்த மொழிபெயர்ப்பு நடப்பதே தெரியாத அளவுக்கு அது முதிர்ந்துவிட்டது. இணையப் போட்டி விளையாட்டுகளோ ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வருகின்றன. அவற்றுள் சில, இயங்குதளத்தின் உட்கருவில், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் ஆழமான அடுக்கில், அமர்ந்து கண்காணிக்கின்றன. விண்டோஸின் உட்கருவுக்கென எழுதப்பட்ட காவலாளிக்கு லினக்ஸில் இருக்கையே இல்லை. ஆகவே வேலரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஆகியவை இதில் ஓடுவதில்லை. முன்பு ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸும் 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. வால்வின் சொந்தப் படைப்புகளான டோட்டா 2, கவுண்டர் ஸ்டிரைக் 2 இரண்டும் நன்றாக ஓடுகின்றன. 2013ஆம் ஆண்டின் டோட்டா 2 உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாமிடம் பெற்ற காலத்தை அறிந்த மூத்த மாணவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். வேலரன்ட் ஆடும் இளையோருக்கு இல்லை. வாங்குவதற்கு முன் நண்பர்கள் எதை ஆடுகிறார்கள் என்று கேட்பது, எந்தச் சோதனை அட்டவணையைப் படிப்பதைவிடவும் பயனுள்ளது.

கட்டளை வழங்கிக்குச் சென்று திரும்ப ஆகும், பிங் என விளையாடுவோர் அழைக்கும் தாமதத்தைப் பொறுத்தவரை பினாங்குக்குக் குறையேதும் இல்லை. இவ்வட்டாரத்துக்கான டோட்டா 2 வழங்கிகள் சிங்கப்பூரில் உள்ளன. ஜார்ஜ் டவுனிலிருந்து நேர்க்கோட்டில் அது சுமார் 600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர ஆறு மில்லிவினாடியே இயற்பியல் கோரும் குறைந்தபட்ச நேரம். வளைந்து செல்லும் கேபிள் வழிகளும் இடைப்பட்ட திசைவிகளும் அதைச் சில மடங்காக்கினாலும், ஆட்டத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஆக்குவதில்லை. லேக் என்று மாணவர் குறைகூறுவதில் பெரும்பகுதி, கடல்கடந்த தொலைவினால் அன்றி, ஒரே வைஃபையைப் பல அறைகள் பங்கிட்டுக்கொள்வதால் எழுவது. ஓஎல்இடி பதிப்பின் வைஃபை 6இ, நெரிசல்மிக்க அலைவரிசைகளைத் தவிர்க்க உதவுகிறது. ஆனால் அறையில் உள்ள திசைவியும் அதற்கு ஈடாக இருந்தால்தான் அப்பயன் கிட்டும்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஒரு முரண் கண்ணில் படுகிறது. ஸ்டீம் டெக்கின் நுண்செயலியை வடிவமைத்த ஏஎம்டி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972இல் தோன்றியபோதே அங்குத் தொழிற்சாலை அமைத்த முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 2016 முதல் அத்தொழிற்சாலை சீனாவின் டோங்ஃபு நிறுவனத்தோடு இணைந்த கூட்டு முயற்சியாக இயங்கிவருகிறது. தைவான் போன்ற நாடுகளில் வார்க்கப்பட்ட சிலிக்கான் வில்லைகளைத் தனித்தனிச் சில்லுகளாக்கி, உறையிட்டு, சோதித்து அனுப்பும் தொழிலில் அரை நூற்றாண்டு அனுபவம் கொண்ட தீவு இது. ஆனால் அத்தீவின் மாணவரோ, வால்வ் நேரடியாக விற்கும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இடம்பெறாததால், இக்கருவியை ஏபி செட் எனப்படும் தனியார் இறக்குமதியாகவே வாங்க வேண்டியுள்ளது. அமெரிக்காவில் 512 கிகாபைட் ஓஎல்இடி பதிப்பின் அறிமுக விலை 549 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 2,580 ரிங்கிட். அப்போது மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட். இதன்மேல் இறக்குமதியாளரின் ஆதாயமும் சேரும். கடைக்காரர் தரும் உத்தரவாதம் கடைக்காரரின் உத்தரவாதமாக மட்டுமே இருக்கும். மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் முத்திரை இராது. பிராங்கின் மால் போன்ற இடங்களில் விலை பேசுவதற்கு முன், பழுதானால் கருவி எங்கே அனுப்பப்படும், செலவு யாருடையது என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

இந்தக் குறைக்கு மாற்றாகச் சுட்டப்படுவது, மலேசியாவில் முறைப்படி விற்கப்படும் ஏசுஸ் ஆர்ஓஜி ஆலை. எட்டுக் கரு நுண்செயலியும் 120 ஹெர்ட்ஸ் 1080பி திரையும் கொண்ட அது வேகத்தில் ஸ்டீம் டெக்கை மிஞ்சுகிறது. விண்டோஸ் 11 இயங்குவதால் வேலரன்ட் முதலியவற்றுக்குத் தடையில்லை. உள்நாட்டு உத்தரவாதமும் உண்டு. ஆயினும் 2023இன் முதல் பதிப்பில் மின்கலம் 40 வாட்-மணி மட்டுமே. விண்டோஸின் தூக்கநிலையோ மேலே கூறிய உறுதியோடு விழிப்பதில்லை. போட்டி விளையாட்டே முதன்மை என்போர் அதனையும், கதை விளையாட்டுகளைத் துண்டு நேரங்களில் ஆட விழைவோர் ஸ்டீம் டெக்கையும் தேர்வது பொருத்தம்.

மடிக்கணினிக்கு மாற்றாக இக்கருவியை வாங்கலாம் என்ற கருத்தும் மாணவரிடையே உண்டு, அதை ஏற்பதற்கில்லை. மேசைமுறைக்கு மாற்றினால் கேடிஇ பிளாஸ்மா என்னும் முழுமையான லினக்ஸ் திரை தோன்றுவதும், மானிட்டரும் விசைப்பலகையும் இணைத்தால் கட்டுரை எழுத முடிவதும் உண்மையே. ஆனால் பொறியியல் மாணவருக்குத் தேவையான விண்டோஸ் மென்பொருள்கள் பல அதில் நிறுவ இயலாதவை. முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பிறந்த நாட்டில், ஸ்டீம் இடைமுக மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை என்பதையும் குறித்துவைக்கலாம்.

சேமிப்பளவைப் பொறுத்தவரை 512 கிகாபைட்டே போதும். உள்ளிருக்கும் எஸ்எஸ்டி தகட்டைத் திருகாணிகளைக் கழற்றிப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், மைக்ரோஎஸ்டி அட்டையும் செருகலாம். விளையாட்டுகளை ரிங்கிட் விலையில் வாங்கும்போது, இலக்கமுறைச் சேவைகளுக்கென 2020இல் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்த சேவை வரியையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஸ்டீம் குடும்பம் என்னும் வசதியின்படி, ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தினர் ஆறு பேர் வரை தத்தம் விளையாட்டுத் தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம். வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் மாணவர்கள் இச்சலுகையைத் தமக்கும் உரியதாகக் கொள்ளும் ஆசை இயல்பே. ஆனால் பகிர்ந்த பிரதியில் ஒருவர் ஏமாற்றி ஆடித் தடைபெற்றால், அப்பிரதியின் உரிமையாளரும் அவ்விளையாட்டில் தடைபெறுவார் என்பதும், குடும்பத்திலிருந்து விலகியவர் வேறொரு குடும்பத்தில் சேர, முந்தைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளன.